நத்தையின் உள்ளறை

காலையில் வழுக்கிக்கொண்டு போன தலைக்கட்டை, சாயங்காலம் பாதியிலேயே நின்றுவிட்டது.

அவள் அதை வெளியே இழுத்து அடிப்பக்கத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி மறுபடியும் நுழைத்தாள். அவள் செய்த மர நத்தையின் விலாவில் இருந்த வட்ட ஜன்னல் கட்டையைப் பாதிவரைக்கும் விட்டது, அதற்கு மேல் விடமாட்டேன் என்றது. பிறகு உடம்புக்கட்டையை எடுத்து அதே ஜன்னலில் வைத்தாள். அது தடையில்லாமல் போய்விட்டது. அவளுக்குச் சுருக்கென்றது.

பூங்காக்களில் குழந்தைகள் ஏறி விளையாடும் மரச்சாமான்கள் செய்வது அவள் தொழில். இந்த இரண்டு கட்டைகளையும் எல்லாத் துவாரத்திலும் விட்டுப் பார்க்காமல் அவள் எந்த வேலையையும் முடித்துக் கொடுத்ததில்லை. ஒன்று சின்னக் குழந்தையின் உடம்பு அளவு, மற்றது தலை அளவு. உடம்பு போகிற துவாரத்தில் தலையும் போக வேண்டும். இரண்டுமே போகாவிட்டால்கூடப் பரவாயில்லை. உடம்பு போய்த் தலை மாட்டிக்கொள்ளும் துவாரம்தான் ஆகவே ஆகாது. குழந்தைகள் எதற்குள்ளும் காலை முதலில் விட்டு இறங்குகிறவர்கள். உடம்பு வெளியே வந்துவிடும், கழுத்தில் தொங்குவார்கள். நாளைக் காலை பூங்கா திறப்பு. இந்த நேரத்தில் இந்த ஜன்னலுக்கு இப்படி ஒரு புத்தி வந்திருந்தது.

நேற்றுத் தூறல் போட்டது, மரம் ஊறியிருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மரம் ஊறுவது அவளுக்குத் தெரியாததா? ஊறினால் ஒரு நகக்கண் அளவு ஊறும். இது இரண்டு விரல் அளவு.

நத்தையைச் சுற்றிப் பார்த்தாள். பெரிய வேன் ஒன்றைப் படுக்க வைத்ததுபோல் அது புல்தரையில் கிடந்தது. வால் பக்கம் சரிவாக ஏறி ஓடலாம். தலையில் இரண்டு கொம்புகள், பிடித்துத் தொங்குவதற்கு. வாய் வழியாகக் குனிந்து நுழைந்தால் ஒரு சுரங்கம். அது ஓட்டுக்குள் சுருண்டு சுருண்டு சிறுத்துக்கொண்டே போய், நடுவில் ஒரு சின்ன அறையில் முடியும். பெரியவர்கள் முதல் வளைவு வரைக்கும் தவழலாம், அதற்கு மேல் குழந்தைகளின் ராஜ்ஜியம். அம்மா அப்பாவின் கை எட்டாத இடம் என்றால் குழந்தைகளுக்குக் கொள்ளை ஆசை. அவள் கொடுத்த படங்களில் பூங்காக்காரர்கள் நத்தையைத் தேர்ந்தெடுத்ததே அந்த உள்ளறைக்காகத்தான். கை எட்டாத அறைக்கு அவசரத்துக்கு ஒரு ஆள்கதவு வேண்டும் என்பதும் தொழில் விதிதான். ஓட்டின் பின்பக்கம் அதையும் வெட்டி வைத்திருந்தாள். குழந்தைகள் திருகிக் கழற்றிவிடக் கூடாது என்று, திருகாணித் தலைகளுக்கு மேல் மரக்குமிழ் அடித்துப் பசை போட்டு இழைத்தாயிற்று. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால், கதவைச் சுற்றி அறுத்த கோட்டில் நெம்பித் திறக்கலாம்.

அளவுக்குக் கட்டைகள் இருந்தாலும் அவளுடைய உண்மையான அளவுகோல் அவள் மகள்தான். ஒன்றாம் வகுப்பு படிக்கிற வாண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் பட்டறைக்கு வந்துவிடும். அதை எலும்புச் சட்டத்துக்குள் உட்கார வைத்து, தலைக்கு மேல் எவ்வளவு இடம், முழங்கை எங்கே இடிக்கிறது, முதுகு எங்கே உரசுகிறது என்று பார்த்துக் கரியால் கோடு போட்டுக்கொண்டு, பிறகு இறக்கிவிட்டு, ஆவியில் வேகவைத்த பலகையை அந்தக் கோட்டுக்கு வளைத்து அடிப்பாள். மகளின் தோல் பட்ட இடமெல்லாம் உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினாள். கூட வேலை செய்கிறவன் கேலி செய்வான். அவன் எதையும் ஆற அமரச் செய்கிறவன் என்பதால் அவனுக்கு அவசரம் என்று பட்டப்பெயர். "அக்கா, நத்தைக்குக் கூடு கட்ற மாதிரி இல்ல இது. குட்டிக்குச் சட்டை தைக்கிற மாதிரி இருக்கு," என்பான். அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த ஜன்னலில் தலைக்கட்டையை வைத்தாள். நின்றது. அதற்கடுத்தது முக்கோணம். அதிலும் நின்றது. உடம்புக்கட்டை எல்லாவற்றிலும் போனது. எல்லா ஜன்னலும் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒரே அளவுக்கு வந்திருந்தன. குனிந்து முகத்தைப் பக்கத்தில் வைத்தபோது உள்ளிருந்து வந்த காற்றில் புது மரத்தின் வாசனையோ வார்னிஷ் நெடியோ இல்லை. வேர்த்துத் தூங்கி எழுந்த குழந்தையின் உச்சந்தலை வாசம். தினமும் காலையில் அவள் மோந்து பார்க்கிற வாசம்.

"குட்டி," என்றாள் திரும்பி.

சற்று முன்வரை நத்தையின் வாலில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த மகள் அங்கே இல்லை. புத்தகப்பை கிடந்தது. நத்தையின் வாய்க்கு முன்னால் செருப்புகள் இரண்டும் ஒழுங்காக ஜோடி சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. புது வார்னிஷ் மேல் செருப்புக் காலோடு ஏறக் கூடாது என்று அவள்தான் சொல்லி வைத்திருந்தாள்.

"குட்டி, உள்ள என்ன பண்றே?"

"சும்மா உக்காந்திருக்கேன்." குரல் நடு அறையிலிருந்து வந்தது, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல. "இங்க வெதுவெதுன்னு இருக்கும்மா."

"போதும், வெளிய வா. இருட்டப் போகுது."

"வரேன்."

அவள் காத்திருந்தாள். பூங்காவில் வேறு யாரும் இல்லை. வேலியைத் தாண்டித் தெருவில் வண்டிகள் போகிற சத்தம், எங்கோ ஒரு கடையின் ஷட்டரை இழுத்துவிடுகிற சத்தம், மரங்களில் அடைய வந்த பறவைகளின் சண்டை, அதற்கெல்லாம் அடியில், நத்தையின் பலகைகளிலிருந்து விட்டு விட்டு வந்த ஒரு மெல்லிய நெறுநெறு ஒலி. மரம் ஆறும்போது முனகும் என்பது தச்சர்கள் எல்லோருக்கும் தெரியும். வெயில் இறங்கிவிட்டது, மரம் ஆறுகிறது, அவ்வளவுதான். ஆனாலும் அந்த முனகல் ஒரு ஒழுங்கில் வந்துகொண்டிருந்தது. அவளுடைய மூச்சு தன்னை அறியாமல் அதற்குத் தாளம் போட ஆரம்பித்ததும் பயந்து மூச்சை மாற்றிக்கொண்டாள்.

"குட்டி, வரேன்னியே?"

"வழி சின்னதா இருக்கும்மா." உள்ளே முட்டி உரசுகிற சத்தம். "வரும்போது பெரிசா இருந்துச்சு."

அவள் வாய்ப்பக்கம் ஓடினாள். முட்டி போட்டு நத்தையின் வாய்க்குள் தலையை விட்டாள். காலையில்தான் துணியும் கையுமாக முதல் வளைவு வரைக்கும் தவழ்ந்து துடைத்துவிட்டு வந்திருந்தாள். இப்போது தோள் வாயிலேயே முட்டியது. பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். ஒரு கையை முன்னால் நீட்டி நுழைந்து பார்த்தாள். விலா எலும்பில் பலகை அழுத்தியது. அழுத்திய இடம் கெட்டியாக இல்லை, கொஞ்சம் அமுங்கி எழும்பியது. அவள் பதறிப் பின்வாங்கினாள். உதடு போலச் செதுக்கிய அந்த விளிம்பில் அவள் முடி இரண்டு இழை ஒட்டிக்கொண்டு நின்றது.

பயத்தைக் குரலில் காட்டக் கூடாது. குழந்தை அழுதால் மூச்சு வாங்கும்.

"சரி, அங்கேயே இரு. அம்மா கதவைத் திறக்கறேன். எந்த ஜன்னல்லயும் தலையை விடாத, என்ன?"

"ஜன்னல் எதும்மா? இங்க ஜன்னலே இல்லையே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வட்ட ஜன்னல் இருந்த இடத்தில் ஒரு பிளவு இருந்தது. தூக்கத்தில் இருப்பவர்களின் கண்ணிமை மூடியும் மூடாமலும் இருக்குமே, அந்த அளவுக்கு.

பின்பக்கம் ஓடினாள். ஆள்கதவு. ஓட்டின் நடுவில், நான்கு பக்கமும் ரம்பத்தால் அவளே அறுத்தது. கையை வைத்துத் தடவினாள். கோடு கிடைக்கவில்லை. வெளிச்சம் குறைந்துவிட்டது என்று செல்போன் விளக்கைப் போட்டுத் தேடினாள். குமிழ் இல்லை, கோடு இல்லை. மர ரேகைகள் ஒரு பலகையிலிருந்து இன்னொரு பலகைக்கு இடைவெளியில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. பலகை என்று தனித்தனியாக எதுவுமே இல்லை. கொட்டாப்புளியால் தட்டினாள். எல்லா இடமும் ஒரே சத்தம். கதவுக்குப் பின்னால் வெற்றிடம் இருந்தால் வரவேண்டிய சத்தம் எங்குமே வரவில்லை.

டீ வாங்கப் போயிருந்த அவசரம் இரண்டு காகிதக் கோப்பைகளோடு வந்து நின்றான். அவள் முகத்தைப் பார்த்ததும் கோப்பைகளைப் புல்லில் வைத்துவிட்டான்.

"குட்டி உள்ள இருக்கா. கதவைக் காணோம்," என்றாள்.

"காணோம்னா என்னக்கா அர்த்தம்?" என்று சிரிக்கப் போனவன் ஓட்டைத் தடவியதும் சிரிப்பை விட்டான். மேலே, கீழே, மறுபடி மேலே தடவினான். "இந்தப் பக்கம்தானே?"

"இந்தப் பக்கம்தான்."

"நான்தானேக்கா உப்புத்தாள் போட்டேன். விரல்ல கோடு தெரியும்." அவன் கையை எடுத்துப் பேண்டில் துடைத்துக்கொண்டான். "ஏன்கா இது சுடுது?"

அவன்தான் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டான். பூங்காவுக்கு இரண்டு வாசல், வண்டி தப்பான வாசலுக்குப் போய்விடக் கூடாது என்று அவனே தெருவுக்கு ஓடினான். இத்தனை வருஷத்தில் அவன் ஓடி அவள் பார்த்ததேயில்லை. அதைப் பார்த்ததும்தான் இது உண்மையாகவே நடக்கிறது என்று அவளுக்கு உறைத்தது.

ஆள் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. உளியை எடுத்தாள். ஓட்டின் மேல்வளைவில் வைத்து ஒரே அடி.

"ஆ!"

உள்ளிருந்து.

"அம்மா, கிள்ளுது."

உளி அவள் கையில் அப்படியே நின்றது.

"எங்கடா?"

"தோள்ல. ரொம்ப வலிக்குதும்மா." அழுகைக்கு முன்னால் வருகிற அந்த இழுவை. "யாரு கிள்றது?"

அறை ஓட்டின் நடுவில் இருந்தது. உளி பட்டது அறையிலிருந்து அவள் உயரத்துக்குத் தள்ளி, வெளித்தோல் மாதிரியான பலகையில். உளியின் முனைகூட உள்ளே எட்டியிருக்காது. அவள் உளியைப் புல்லில் வைத்தாள். தற்செயலாக இருக்கும். பயத்தில் எங்கேயாவது இடித்துக்கொண்டிருக்கும். மனசு ஆயிரம் சமாதானம் சொன்னது. ஆள்காட்டி விரல் நகத்தை ஓட்டின் அடிப்பக்கத்தில் வைத்து, யாருக்கும் கேட்காமல், இலேசாக ஒரு கோடு இழுத்தாள்.

"முட்டில கூசுது," என்றது உள்ளிருந்த குரல்.

வேறு இடத்தில் இழுத்தாள்.

"கழுத்துல."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். உளிபட்ட இடத்தைத் தேடிப் போய் அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். வெட்டு வாயில் ஈரம் கசிந்திருந்தது. பால் மரமில்லை, பிசின் மரமுமில்லை அது. அந்த ஈரத்தை விளக்கில் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. குழந்தை விசும்பத் தொடங்கியிருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல், தெரிந்த ஒன்றைச் செய்தாள். ராத்திரிகளில் முதுகைத் தடவித் தூங்க வைப்பதுபோல், மேலிருந்து கீழாக மெதுவாக ஓட்டைத் தடவிக் கொடுத்தாள். விசும்பல் குறைந்தது.

"நல்லா இருக்கும்மா."

"அம்மா இங்கதான் இருக்கேன்."

"ம்."

"பயப்படாத."

"ம்."

குரல் காற்றில் வரவில்லை. பிளவுகளும் நத்தையின் வாயும் எல்லாம் மூடிவிட்டன. காதைப் பலகையில் வைத்தால்தான் கேட்டது. அவள் கன்னத்தை ஓட்டோடு ஒட்டிக்கொண்டு தடவிக்கொண்டேயிருந்தாள். உள்ளே மூச்சு கேட்டது. அது எவ்வளவு நேரத்துக்குப் போதும்? சுரங்கத்தில் இருக்கும் காற்று எவ்வளவு? இந்தச் சுரங்கம் இப்போது எவ்வளவு? வெட்டினால் வலிக்கும். வெட்டாவிட்டால் மூச்சு முட்டும். பெற்றவளுக்கு இப்படி ஒரு கணக்கு வரலாமா?

வண்டியின் விளக்கு மரங்களுக்குள் சுழன்றது. தலைக்கவசம் போட்ட நாலைந்து பேர் அவசரத்தின் பின்னால் ஓடி வந்தார்கள். ஒருவர் கையில் மெஷின் ரம்பம் இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் முதுகை ஓட்டில் சாய்த்துக் கைகளை விரித்துக்கொண்டாள்.

"வெட்டக் கூடாது."

"அம்மா, குழந்தை உள்ள இருக்குன்னு சொன்னாங்க," என்றார் தலைவர். வயதானவர், சத்தம் போடாமல் பேசினார்.

"இருக்கா. இதை வெட்டினா அவளுக்கு வலிக்குது."

அவர் அவசரத்தைப் பார்த்தார். அவசரம் தரையைப் பார்த்தான்.

"காத்து போக எங்கயாவது ஓட்டை இருக்காம்மா?"

அவள் ஓட்டோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள். இல்லை என்று சொன்னால் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவர் விளக்கை ஓட்டின்மேல் மெதுவாக நகர்த்தி அதை அவராகவே தெரிந்துகொண்டார்.

"பாருங்கம்மா. நீங்க கட்டினது. உங்களுக்குத்தான் இதோட உள்ளும் புறமும் தெரியும். எங்க வெட்டினா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதோ, நீங்களே காட்டுங்க. நீங்க காட்டற இடத்தைத் தவிர வேற எங்கயும் நாங்க கைவைக்க மாட்டோம்."

"அக்கா," என்றான் அவசரம். அவன் அழுதுகொண்டிருந்தான். "காட்டிருக்கா. நேரம் போகுதுக்கா."

நகத்துக்கு வலிக்காது. முடிக்கு வலிக்காது. வெட்டினால் வலிக்காத இடங்கள் எந்த உடம்பிலும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க வேண்டும். அவள் காதை ஓட்டில் வைத்து நகத்தால் கீறினாள். உள்ளே ஒரு சிணுங்கல். நகர்ந்தாள். கீறினாள். மெல்லிய சிணுங்கல். வாலில் கீறினாள். நத்தையின் முதுகில் கீறினாள். "ம்," என்றது, தூரத்தில். தலைப்பக்கம் வந்தாள். கன்னத்தைப் பலகையில் அழுத்திக்கொண்டு, கையை எட்டி, வலப்பக்கக் கொம்பில் கீறினாள்.

ஒன்றுமில்லை.

அழுத்திக் கீறினாள். நகம் மடங்கியது.

ஒன்றுமில்லை.

கண்ணில் நீர் முட்டியது. கொம்புதான். முடி மாதிரி, நகம் மாதிரி. உயிர் இல்லாத இடம். அதை அடியோடு அறுத்தால் தலையில் ஒரு துவாரம் கிடைக்கும், காற்று போகும், அதன் வழியாகப் பேசலாம், கையை நீட்டலாம்.

"இங்க," என்றாள். "இந்தக் கொம்பு."

"நிச்சயமா?"

"வெட்டுங்க."

ரம்பத்தின் கயிற்றை ஒருவர் இழுத்தார். ஒரு முறை இருமிவிட்டு அது பிடித்துக்கொண்டது. அவசரம் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தான், அவள் கன்னம் பலகையை விட்டுப் பிரிந்தது. பிரிகிற அந்தக் கடைசி நொடியில்தான் உள்ளிருந்து வந்த மூச்சை அவள் சரியாகக் கேட்டாள். நீளமான, சீரான மூச்சு. தினமும் ராத்திரி பக்கத்தில் படுத்துக் கேட்கிற மூச்சு. முதுகைத் தடவிக் கொடுத்தால் வருகிற மூச்சு.

குட்டி தூங்கிவிட்டிருந்தாள். கீறினால் தெரியாத அளவுக்கு.

"நிறுத்துங்க," என்று கத்தினாள். ரம்பத்தின் சத்தத்தில் அவளுக்கே அது கேட்கவில்லை.

பற்கள் கொம்பில் இறங்கின. தூள் பறந்தது. அவள் முகத்திலும் உதட்டிலும் விழுந்த தூள் வெதுவெதுப்பாக இருந்தது, உப்புக் கரித்தது. ரம்பத்தைப் பிடித்திருந்தவர் முகமூடிக் கண்ணாடியைக் கையுறையால் துடைத்தார், துடைத்த கையுறையைப் பார்த்தார், இயந்திரத்தைக் கீழே போட்டுவிட்டு இரண்டடி பின்வாங்கினார். அது புல்லில் கிடந்து தானாக அணைந்தது.

அந்த அமைதியில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொம்பு அசைந்தது. கையால் தொட்டால் எந்த நத்தையும் என்ன செய்யுமோ, அதைச் செய்தது. முதலில் வெட்டுப்பட்ட கொம்பு, அதன் பின்னால் மற்றொரு கொம்பு, அவசரமே இல்லாமல் தலைக்குள் போயின. பிறகு வாய் மடிந்தது. பிறகு தலை. பிறகு கழுத்து. ஒரு வேன் நீளத்துக்குக் கிடந்த அந்த உடம்பு முழுவதும், குழந்தைகள் ஏறி ஓடுவதற்காகச் செய்த அந்தச் சரிவும் வாலும் எல்லாம், மெதுவாக, விடாமல், ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனது. அவள் ஓடிப்போய் ஓட்டில் காதை வைத்தபோது உள்ளேயிருந்து, "அம்மா, யாரோ வராங்க," என்று தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

அந்த அறையில் குட்டி ஒருத்திக்குத்தான் இடம் இருந்தது.